ஒரு பிரெஞ்சு வினைமுற்றைப் பிரித்துப் பார்ப்போம்

பகுபத உறுப்பிலக்கணம் படிக்கும்போது, "இது நமக்கு எதற்குப் பயன்படப் போகிறது?" என்று மனத்துக்குள் கேட்டுக்கொள்ளாத மாணவி அரிது. பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று ஆறையும் மனப்பாடம் செய்கிறோம், தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்குகிறோம், மறுவாரமே மறந்துவிடுகிறோம். மேல்நிலை வகுப்பில் மொழிப் பாடமாகப் பிரெஞ்சை எடுத்துக்கொள்ளும் மாணவியரோ, தமிழ் இலக்கண நூலைக் கட்டிப் பரண்மேல் போட்டுவிடுகின்றனர். போட்ட சில வாரங்களிலேயே பிரெஞ்சு வினைப் பட்டியல்கள் அவர்களை மிரட்டத் தொடங்குகின்றன. ஒரு வினைக்கே நாற்பதுக்கு மேற்பட்ட வடிவங்கள். எழுதுவது ஒன்று, ஒலிப்பது வேறொன்று. "நம் பெண்ணுக்கு அந்த நாக்கு வராது" என்று வீட்டிலும் சொல்லிவிடுகிறார்கள். நாக்கு வரும் என்பதையும், பரண்மேல் போட்ட நூலை மீண்டும் இறக்க வேண்டும் என்பதையும் ஒரே ஒரு சொல்லைக் கொண்டு காட்ட முயல்வோம்.

'கொடு' என்னும் பொருளில் பிரெஞ்சில் 'தொனே' என்றொரு வினை உண்டு. அதனை டி, ஓ, என், என், ஈ, ஆர் என்று எழுதுவர். (இவ்விதழ் தமிழில் வருவதால், நமக்குப் பழகிய ஆங்கில எழுத்துப் பெயர்களாலேயே பிரெஞ்சு எழுத்துகளைக் குறிக்கிறோம்.) இறுதியிலுள்ள ஆர் எழுத்தில் மட்டும் இருக்கும், வாயில் வராது. "எங்களிடம் இருந்தால் கொடுப்போம்" என்று ஒரு நிபந்தனையோடு சொல்லும்போது இவ்வினை 'நூ தொனெரியோம்' என்றாகிறது. 'நூ' என்பது நாம் அல்லது நாங்கள். பிரெஞ்சில் இவ்விரண்டுக்கும் வேறுபாடு இல்லை. கேட்பவரைச் சேர்த்துச் சொல்கிறோமா, விலக்கிச் சொல்கிறோமா என்பது அவர்களுக்குக் கவலையில்லை. 'தொனெரியோம்' என்பதை எழுத டி, ஓ, என், என், ஈ, ஆர், ஐ, ஓ, என், எஸ் எனப் பத்து எழுத்துகள் வேண்டும். காதில் விழுவனவோ ஏழு ஒலிகளே.

இச்சொல்லைப் பிரிக்குமுன் நம் சொல்லைப் பிரித்துக்கொள்வோம். கொடுப்போம் என்பது கொடு + ப் + ப் + ஓம் எனப் பிரியும். கொடு பகுதி, முதல் பகரம் சந்தி, இரண்டாவது பகரம் எதிர்கால இடைநிலை, ஓம் தன்மைப் பன்மை வினைமுற்று விகுதி. இதையே யாப்பிலக்கண வகுப்பில் அசை பிரிக்கச் சொன்னால் கொடுப் / போம், நிரை நேர் என்கிறோம். ஒரே சொல்லை இரண்டு கத்திகள் வெவ்வேறு இடங்களில் வெட்டுகின்றன. பொருளைத் தேடும் கத்தி 'ப்', 'ப்', 'ஓம்' என்று நுணுக்கமாக அறுக்கிறது. செவியின் கத்தியோ பொருளைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. இரண்டாவது பகரத்தையும் ஓகாரத்தையும் சேர்த்துப் 'போ' என்று ஓருயிராக்கி விடுகிறது. இவ்வேறுபாட்டை மனத்தில் வாங்கிக்கொண்ட மாணவிக்குப் பிரெஞ்சில் பாதிப் பாடம் முடிந்தது எனலாம்.

இனித் தொனெரியோம் என்பதைப் பிரிப்போம். தொன் + எர் + இ + ஓம். தொன் பகுதி. எர் எதிர்காலம் காட்டும் இடைநிலை. இ கடந்த காலத்தில் தொடர்ந்த செயலைக் காட்டும் இடைநிலை. ஓம் என்பது விகுதி. ஓ, என், எஸ் என்று எழுதப்படுவது. பிரெஞ்சுப் பாடநூல்கள் 'எரியோம்' முழுவதையும் ஒரே விகுதியாகப் பட்டியலிட்டுவிடும். நாம் நன்னூல் வழியில் இன்னும் உள்ளே சென்று பிரிக்கிறோம். அவ்வாறு பிரிப்பதால் வரும் ஆதாயத்தைப் பாருங்கள்: கொடுக்கிறோம் என்பதற்குத் தொனோம், கொடுத்து வந்தோம் என்பதற்குத் தொனியோம், கொடுப்போம் என்பதற்குத் தொன்ரோம், இருந்தால் கொடுப்போம் என்பதற்குத் தொனெரியோம். நான்கு சொற்களை நெட்டுருச் செய்ய வேண்டியதில்லை. ஒரு பகுதி, ஒரு விகுதி, நடுவில் வந்து போகும் இரண்டு துண்டுகள், அவ்வளவே.

ஆனால் எதிர்காலத் துண்டும் கடந்த காலத் துண்டும் ஒரே சொல்லில் எப்படிச் சேர்ந்து இருக்க முடியும் என்று ஐயம் எழலாம். எழ வேண்டும். "மழை பெய்திருந்தால் கொடுத்திருப்போம்" என்று நாம் சொல்கிறோமே, அதனைப் பிரித்துப் பாருங்கள். 'கொடுத்து' என்பது இறந்தகாலம். 'இருப்போம்' என்பது எதிர்காலம். நடவாத ஒன்றைச் சொல்லத் தமிழும் இரண்டு காலங்களை முடிச்சுப் போடுகிறது. இரு மொழிகளின் முடிச்சும் முற்றும் ஒன்றல்ல. ஆயினும் கருத்து ஒன்றே: நேற்று நின்ற இடத்திலிருந்து நாளையைப் பார்ப்பது.

'எர்' எங்கிருந்து வந்தது? பிரெஞ்சின் தாய் இலத்தீன். இலத்தீனில் 'தோநாரே' என்றால் கொடுத்தல். 'ஹபேயோ' என்றால் உடையேன். பிற்கால இலத்தீன் பேச்சில் 'கொடுக்க உடையேன்' என்று இரண்டு சொற்களாகச் சொல்லியே எதிர்காலத்தைக் குறித்தனர். நாள் செல்லச் செல்ல இரண்டும் ஒட்டி உராய்ந்து ஒரே சொல்லாயின. தோநாரே என்பதன் தேய்ந்த உருவமே தொனெர். ஹபேயோவின் எச்சமே எதிர்கால விகுதி. இது ஏதோ தொலைதூரத்து விந்தையன்று. திருச்செங்கோட்டுப் பக்கத்து வீடுகளில் 'கொடுக்க வேண்டும்' என்று யாராவது முழுதாகச் சொல்கிறார்களா? 'குடுக்கோணும்' என்கிறார்கள். இரண்டு சொற்கள் ஒன்றாகிவிட்டன. வேண்டும் என்பதில் வேகாரம் போன இடம் தெரியவில்லை. பாரிஸ் நகரத்தில் நடந்தால் மொழி வரலாறு, நம் திண்ணையில் நடந்தால் கொச்சை என்று எண்ணுவது சரியன்று.

அசைக்கு வருவோம். பேசும்போது இச்சொல் தொ / னெ / ரியோம் என மூன்று அசையாகப் பிரியும். கவனியுங்கள்: பகுதி 'தொன்' என்று முடிந்தாலும் அந்த னகரம் அடுத்த அசைக்குத் தாவிவிட்டது. இரு உயிர்களுக்கு நடுவே தனி மெய் நின்றால் அது பின்வரும் உயிரோடு சேரும் என்பது பிரெஞ்சுச் செவியின் விதி. மரம் + எல்லாம் மரமெல்லாம் ஆவதுபோல. எழுத்தில் இரண்டு என் இருந்தும் வாயில் ஒன்றே ஒலிக்கும். இங்கே நம் மாணவியர் ஏமாறுகின்றனர். கனி வேறு, கன்னி வேறு என்று பழகிய நமக்கு இரட்டித்த மெய்யைக் கண்டதும் அழுத்திச் சொல்லத் தோன்றும். பிரெஞ்சில் அவ்வாறு அழுத்தத் தேவையில்லை.

மூன்றாவது கத்தி ஒன்றும் உண்டு. அது அச்சுக் கோப்பவரின் கத்தி. வரியின் இறுதியில் இடம் போதாமல் சொல்லை முறிக்க நேர்ந்தால், இரட்டித்த மெய்யின் நடுவே முறிக்க வேண்டும். டி, ஓ, என் முதல் துண்டு. என், ஈ இரண்டாம் துண்டு. மீதி ஐந்தெழுத்தும் மூன்றாம் துண்டு. செவிக்கு ஒரு என்தான், ஆனால் தாளில் அது இரு வரிகளிலும் நிற்கும். பகுதி முடிகிறதே என்று இரண்டு என்னையும் மேல்வரியில் வைத்து முறித்தால் பிழை. (தமிழில் இத்தொல்லை குறைவு, புள்ளி வைத்த மெய்யெழுத்தில் ஒரு வரியைத் தொடங்கக் கூடாது என்பதைத் தவிர நம் அச்சகங்கள் பெரிதாக ஏதும் கேட்பதில்லை.)

தொனெரியோம் என்பதில் நடுவிலுள்ள எகரமே இச்சொல்லின் உயிர்நாடி. அது முழு எகரமன்று. அகரத்துக்கும் எகரத்துக்கும் நடுவில், உதட்டைச் சற்றே குவித்து, பட்டும் படாமலும் ஒலிப்பது. நம்மிடம் இதற்கொரு தங்கை உண்டு: குற்றியலுகரம். நாடு, காசு, பாக்கு என்பவற்றின் இறுதியில் ஒரு மாத்திரை அரை மாத்திரையாய்க் குறுகி நிற்கும் அந்த உகரம், உயிர் வந்தால் ஓடிவிடும். நாடு + எங்கே நாடெங்கே ஆகும். பிரெஞ்சின் மெலிந்த எகரமும் அப்படித்தான். உயிர் வந்தால் ஓடும். சில இடங்களில் உயிர் வராமலே ஓடும். தொன்ரோம் என்பதை எழுத்தில் பாருங்கள். அங்கேயும் நடுவில் அதே ஈ உண்டு. ஆனால் பேசுவோர் அதனை விழுங்கிவிடுவதால் தொன் / ரோம் என இரண்டே அசை. அப்படியானால் தொனெரியோம் என்பதில் மட்டும் ஏன் விழுங்குவதில்லை? விழுங்கிச் சொல்லிப் பாருங்கள்: தொன்ர்யோம். னகரமும் ரகரமும் யகரமும் ஒரே வாசலில் முட்டிக்கொள்கின்றன. அந்த நெரிசலைத் தவிர்க்கவே எகரம் நின்று வழிவிடுகிறது. இகரம் யகரமாகத் திரிந்ததுதான் நெரிசலுக்குக் காரணம். நன்னூலார் கேட்டால் இதனை விகாரம் என்பார்.

பாட்டில் நிலைமை வேறு. மழலையர் வகுப்புகளிலும் பாடப்படும் 'பிரேர் ழாக்' என்னும் பிரெஞ்சுப் பாட்டை அறியாதவர் குறைவு. பேச்சில் அப்பெயர் இரண்டே அசை. பாடும்போது இரண்டு சொற்களின் இறுதியிலும் அந்த மெலிந்த எகரம் எழுந்து நான்கு அசையாகிறது. பிரெஞ்சுச் செய்யுளிலும் மெய்க்கு முன்னுள்ள இவ்வெகரத்துக்கு ஓர் அசை கணக்கிடுவதே மரபு. ஆகவே பாட்டில் கற்ற உச்சரிப்பைப் பேச்சுக்குக் கொண்டுவந்தால் கேட்பவர் புன்னகைப்பார்.

இனி நாக்குக்கு வருவோம். பிரெஞ்சின் டி எழுத்து ஆங்கில டகரமன்று. 'பந்து' என்பதில் வரும் மென்மையான தகரம். டீ எழுத்து 'பத்து' என்பதில் வரும் தகரம். பகரமும் ககரமும் மூச்சுக் காற்று கலவாமல் நாம் ஒலிப்பது போலவே ஒலிக்கும். ஆங்கிலேயர் இவற்றுக்குப் பெரிதும் பாடுபட வேண்டும். நமக்கு இவை தாய் தந்த சொத்து. ஆங்கிலப் பள்ளி உச்சரிப்பைப் பிரெஞ்சின்மேல் ஏற்றிக்கொண்டுதான் நம் பெண்கள் பலர் கெடுகிறார்கள். ரகரம் மட்டும் தொண்டையில் பிறப்பது. வாய் கொப்பளிக்கும்போது எழும் ஒலிக்கு அருகில் இருப்பது. அது வரும்வரை நம் நுனிநாக்கு ரகரத்தைச் சொன்னாலும் பொருள் கெடாது.

எல்லாரும் அஞ்சுவது விகுதியிலுள்ள மூக்கொலிக்கு. 'ஓம்' என்று இதுவரை எழுதிவந்தோம். ஆனால் பிரெஞ்சில் அங்கே மகரமும் இல்லை, னகரமும் இல்லை. ஓகாரமே மூக்கு வழியாக ஒலிக்கிறது. இதற்குப் பயிற்சி வேண்டுமா? வீட்டில் "எப்போ வந்தீங்க?" என்று கேட்டால் "இப்பத்தான் வந்தோம்" என்று வேகமாகச் சொல்கிறோமே, அப்போது நம் உதடுகள் மூடுகின்றனவா என்று கண்ணாடி முன் நின்று பாருங்கள். மூடுவதில்லை. எழுத்திலுள்ள மகரம் பேச்சில் கரைந்து ஓகாரத்தை மூக்கில் ஏற்றிவிட்டது. அதுவே பிரெஞ்சு விகுதி. 'நான்' என்பதை அதேபோல் வீட்டுப் பேச்சில் சொன்னால் கிடைப்பது 'பிரான்ஸ்' என்னும் பெயரின் நடுவில் பிரெஞ்சுக்காரர் ஒலிக்கும் மூக்கொலிக்கு வெகு அருகில் இருக்கும். இன்னொரு வேடிக்கை: பெரியவர்களிடம் 'வந்தோமுங்க' என்று சொல்லும்போது உதடுகள் மூடி மகரம் திரும்பி வந்துவிடுகிறது, பின்னால் உயிர் வந்ததால். பிரெஞ்சிலும் 'நல்ல' என்னும் பொருளுள்ள 'போன்' தனித்து நின்றால் மூக்கொலி. பின்னால் 'அமி' என்னும் நண்பன் வந்தால் 'பொனமி' என்று னகரம் உயிர்த்தெழும். நம் ஓம் விகுதியும் அவர்கள் விகுதியும் ஒலியிலும் பொருளிலும் ஒத்திருப்பது தற்செயலே. அவர்களுடையது இலத்தீன் வழி வந்தது. உறவு கொண்டாட வேண்டியதில்லை. நினைவில் வைத்துக்கொள்ளப் பயன்படுத்திக்கொள்வோம்.

எல்லா விகுதிகளும் இப்படிக் காதில் விழுவதில்லை. நான் கொடுக்கிறேன், நீ கொடுக்கிறாய், அவன் கொடுக்கிறான், அவர்கள் கொடுக்கிறார்கள் என்னும் நான்கும் பிரெஞ்சில் 'தொன்' என்ற ஒரே ஒலிதான். எழுத்தில் மட்டும் ஈ, ஈ-எஸ், ஈ-என்-டீ என்று வேறுபாடு தெரியும். ஒரு காலத்தில் இவ்விறுதிகள் ஒலித்தன; வாயிலிருந்து உதிர்ந்தபின் தாளில் தங்கிவிட்டன. அதனால்தான் பிரெஞ்சில் எழுவாயை விடவே முடியாது. தமிழில் 'கொடுத்தாள்' என்றால் போதும். ஆளும் பாலும் எண்ணும் விகுதியிலேயே தெரிந்துவிடும். பிரெஞ்சு மாணவி 'அவள்' என்று சொல்லித்தான் ஆக வேண்டும். நம் மாணவியர் கட்டுரைகளில் எழுவாயை விட்டுவிடுவது தமிழ் மனத்தின் பழக்கமே. இன்றைய பிரெஞ்சுப் பேச்சில் நூ தொனெரியோம் என்பதைவிட 'ஓன் தொனெரே' என்பதே மிகுதியாக வழங்குகிறது என்பதையும் சொல்லிவைப்போம். எழுத்திலும் தேர்விலும் நூ வேண்டும்.

ஒலிக்காத இறுதி எழுத்துகளை நம் மறைமாவட்ட வரலாற்றிலேயே காணலாம். 1930-ல் சேலம் மறைமாவட்டம் அமைந்தபோது அதன் முதல் ஆயராக வந்த பிரெஞ்சுக் குரு பிரூனியே ஆண்டகை. அவர் பெயரின் இறுதியில் ஆர் எழுத்து உண்டு. தொனே என்பதில் போலவே அது மௌனம். புதுச்சேரியில் பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த முசே, துபுயி என்னும் இரு குருக்கள் ஒரு பெரிய தமிழ்-பிரெஞ்சு அகராதியைத் தொகுத்தனர். முதல் பாகம் 1855-லும் இரண்டாம் பாகம் 1862-லும் வெளிவந்தன. முசே என்பதன் முடிவில் ஒரு டீ, துபுயி என்பதன் முடிவில் ஓர் எஸ், இரண்டும் வாய் திறப்பதில்லை. இந்தத் துபுயி அடிகளே 1844-ல் புதுச்சேரியில் பெண் குழந்தைகளின் கல்விக்கென ஓர் அருட்சகோதரியர் சபையையும் நிறுவியவர்.

அவர்கள் எதிர்த்திசையில் வந்தவர்கள். 'கொடுப்போம்' என்று ஊரார் சொல்வதைக் கேட்ட ஒரு பிரெஞ்சுக் குரு அகராதியில் அதைத் தேடினால் கிடைக்காது. 'கொடு' என்று பிரித்தறிந்தவருக்கே கிடைக்கும். தொனெரியோம் என்பதை நாம் தேடினாலும் அதே கதை. அகராதியில் தொனே மட்டுமே இருக்கும். கைபேசி இன்று சொல்லை ஒலித்துக் காட்டும், பொருளையும் சொல்லும். ஆனால் எந்த இடத்தில் எதனால் வெட்டுவது என்று தானாக முன்வந்து சொல்லாது.

ஓர் எழுத்தால் என்ன ஆகிவிடும் என்று எண்ண வேண்டாம். "நூ தொன்ரோம்" என்றால் வாக்குக் கொடுத்தாயிற்று. "நூ தொனெரியோம்" என்றால் கையில் இருந்தால் கொடுப்போம் என்று பொருள். நடுவிலுள்ள ஐ ஒன்றே வேறுபாடு. பிரான்சிலுள்ள ஒரு பள்ளிக்கு நம் வகுப்பார் கடிதம் எழுதி, அதில் அந்த ஐயை மறந்தால், அவர்கள் அஞ்சற்காரருக்காகக் காத்திருப்பார்கள். அவ்வளவு மட்டுமன்று, இதே வடிவம் பணிவுக்கும் உரியது. கடையில் போய் 'எனக்கு வேண்டும்' என்று நேராகச் சொல்வது பிரெஞ்சில் முரட்டுத்தனம். நிபந்தனை வடிவில் சொன்னால்தான் நாகரிகம். சேலத்திலும் நாமக்கல்லிலும் 'வேணும்' என்பதற்கும் 'வேணுமுங்க' என்பதற்கும் உள்ள தொலைவை நாம் அறிவோம். 'ங்க' நமக்குச் செய்யும் வேலையை அவர்களுக்கு அந்தச் சிறு துண்டு செய்கிறது.

இறுதியாக ஒரு பயிற்சி. 'விரும்பு' என்னும் பொருளில் 'எமே' என்றொரு வினை. எழுத்தில் ஏ, ஐ, எம், ஈ, ஆர். இதன் நிபந்தனைத் தன்மைப் பன்மை 'எமெரியோம்'. பகுதி, இடைநிலைகள், விகுதி பிரிப்பது எளிது: எம் + எர் + இ + ஓம். ஆனால் முன்னால் நூ சேர்த்து வாய்விட்டுச் சொல்லுங்கள். இதுவரை மௌனமாயிருந்த நூவின் இறுதி எஸ், பின்னால் உயிர் வந்ததும் விழித்துக்கொண்டு தேனீயின் ரீங்காரம்போல் ஒலிக்கும். ஒலிப்பதோடு நில்லாமல் தன் சொல்லை விட்டு அடுத்த சொல்லின் முதல் அசையில் போய் அமர்ந்துகொள்ளும். நூ / ஸெ / மெ / ரியோம். இரண்டு சொல், நான்கு அசை. சொல்லின் எல்லை எங்கே, அசையின் எல்லை எங்கே என்று கோடு போட்டுப் பாருங்கள். பிறகு 'கண்ணழகு' என்று எழுதி, அதற்கும் அவ்வாறே இரண்டு கோடுகள் போடுங்கள்.